‘காலை 8 மணி நிலவரப்படி’: ஆற்றுப் பெட்டியோடு பதினாறு மாதம்

சேலத்தில் காலைக் காபியோடு படிக்கிற செய்தி மேட்டூர் நிலவரம். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை. 120 அடியை என்றைக்குத் தொடும் என்று டீக்கடையில் பந்தயமே நடக்கும். அதே ஆட்களிடம், வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற திருமணிமுத்தாற்றில் இன்றைக்குத் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். மூக்கைப் பிடித்துக் காட்டுவார்கள். நம் ஆற்றுக்கு இருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

நான் முப்பத்தோரு வருஷம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. கன்னங்குறிச்சியில் வீடு. 2024 ஆடி மாதம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆற்றில் வைக்கிற அளவுப் பெட்டிகள் நாலு வாங்கினோம். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதுகிற ரைட்டர் (முதலாளி சம்மதத்தோடுதான்), நகரத்துக்கு நான், உத்தமசோழபுரத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி. ஒரே ஆறு, மேலிருந்து கீழ் வரை நாலு இடம். பெட்டி செய்து கொடுத்து, அந்த நாலு பெட்டியின் கணக்கையும் நாலு பேரும் பார்க்கிற மாதிரி பகிர்வு ஏற்பாட்டையும் நடத்துகிறவர்கள் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மாடி அறையில் கடை வைத்திருக்கிற இரண்டு இன்ஜினியர் தம்பிகள். கடைப் பெயரை எழுதவில்லை. நிறையத் திட்டப் போகிறேன், பிள்ளைகள் இன்னும் கடனில் இருக்கிறார்கள்.

முதலில் பொருள். சாப்பாட்டுத் தூக்கைவிடக் கொஞ்சம் பெரிய தண்ணீர் புகாத பெட்டி, மேலே சூரியத் தகடு, கீழே தண்ணீருக்குள் தொங்குகிற உணரிகள். வெப்பம், பி.எச். (புளிப்பா காரமா என்கிற அளவு), மின்கடத்துத் திறன் (தண்ணீரில் உப்பு கூடினால் ஏறும்), கலங்கல், கரைந்த ஆக்சிஜன் ஆகிய ஐந்தும் தண்ணீருக்குள் இருக்கும். நீர்மட்டத்துக்கு மட்டும் மேலிருந்து ஒலியை அடித்துத் திருப்பி வாங்குகிற ஒரு கண். எஸ்டேட் பெட்டியில் கூடுதலாக மழைமானி உண்டு, 0.2 மில்லிமீட்டருக்கு ஒரு தரம் கவிழ்கிற குட்டி வாளி. ஒரு பெட்டி 41,000 ரூபாய், மாதம் 300 ரூபாய் பராமரிப்பு. ஆக்சிஜன் உணரிதான் விலையில் பாதியைத் தின்றுவிட்டது. என் மகன், “அம்மா, இதுக்கு ஒரு டி.வி. வாங்கியிருக்கலாம்” என்றான். டி.வி.யில் ஆறு தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பெட்டி என்னவோ பெட்டிதான். சந்தையில் இதைவிட நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. நான் இதை எழுதுவது பகிர்வு ஏற்பாட்டுக்காக.

இதில் நடுவில் ஒரு பெரிய கணினி கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் தன் கணக்கைத் தன் மெமரி கார்டில் எழுதிக்கொள்கிறது. அந்தப் பெட்டிக்காரர் வீட்டில் சிகரெட் பெட்டி அளவு ஒரு சின்னக் கணினி. அது தன் பெட்டியின் பேரேட்டை வைத்துக்கொண்டு, மற்ற மூன்று பேரேடுகளின் நகலையும் நேரம் கிடைக்கும்போது வாங்கி அடுக்கிக்கொள்கிறது. சீட்டு நடத்துகிறவரிடம் மட்டும் நோட்டு இருந்தால் அவர் ஊரைவிட்டுப் போன அன்றைக்குக் கணக்கும் போய்விடும். சீட்டுக் கட்டிய அத்தனை பேர் கையிலும் நகல் இருந்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. அந்தக் கதைதான். கீழே இருக்கிற மூன்று பெட்டிக்கும் சிம் கார்டு. மலையில் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அதனால் எஸ்டேட் பெட்டி லோரா ரேடியோவில் பேசுகிறது, கொஞ்ச மின்சாரத்தில் சின்னச் செய்தியை ரொம்பத் தூரம் அனுப்புகிற ரேடியோ. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம். செவ்வாய்ப்பேட்டையில் என் நாத்தனார் வீடு மூன்று மாடி, கீழே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மொட்டை மாடியில் ரேடியோவைப் பிடிக்க ஒரு ஏரியல் கம்பி நட்டோம். எஸ்டேட்டில் ராத்திரி நின்று பார்த்தால் சேலத்து விளக்கு முழுசாகத் தெரியும். விளக்கு தெரிந்தால் ரேடியோவும் வரும் என்றார்கள், வந்தது.

ஒரு வரியை யாரும் அழிக்க முடியாது என்பது எனக்குப் பிடித்த விஷயம். தப்பாக இருந்தால் அதற்குக் கீழே திருத்தம் என்று புது வரி எழுதலாம், திருத்தியவர் பெயரோடு. பழைய வரி பல்லைக் காட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். நாங்கள் லேபில் இப்படித்தான் செய்வோம். தப்பெழுத்தின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், ஓரத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை தடவினால் மேலதிகாரி ரெஜிஸ்டரை மேஜையில் வீசுவார். இந்தப் பிள்ளைகள் லேபில் வேலை பார்த்தவர்கள் இல்லை, ஆனாலும் இதை யோசித்திருந்தார்கள். அன்றைக்கே மனசுக்குள் நாலு நட்சத்திரம் போட்டுவிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

முதல் உதிர்வு ஏற்காட்டில். பெட்டி வைத்து இரண்டு வாரத்தில் ரைட்டர் போன் செய்தார். குரலே சரியில்லை.

“ஏனுங்கம்மா, நம்ம ஓடையில ஆக்சிஜன் 86 சதவீதந்தான் இருக்குதுன்னு போட்டிருக்கீங்களாமே. எஸ்டேட்டு மருந்துதான் காரணம்னு குரூப்புல ஒருத்தரு எழுதியிருக்காரு. முதலாளி பார்த்தா என் வேலை என்னங்கறது?”

நான் பெட்டியைத் திட்டவில்லை, தம்பிகளைத் திட்டினேன். தண்ணீர் கொள்கிற ஆக்சிஜன் இவ்வளவுதான், அதுதான் நூறு சதவீதம் என்று நாலு பெட்டிக்கும் அஸ்தம்பட்டிக் கடையிலேயே வைத்துப் பழக்கிவிட்டார்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீருக்குள் இறங்குகிற ஆக்சிஜனும் அதற்குத் தக்கபடி குறையும். அந்த ஓடையில் 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 7.6 மில்லிகிராம் இருந்தது. அந்த உயரத்தில் அதுதான் நிறைகுடம். எண்ணில் தப்பே இல்லை. எந்த உயரத்தில் எடுத்தது என்பது கூடவே போகவில்லை, அவ்வளவுதான். இப்போது பெட்டியின் உயரம் அதன் விவரப் பக்கத்தில் ஏறியிருக்கிறது, சதவீதம் அதை வைத்துத்தான் கணக்காகிறது. ரைட்டருக்கு வேலை போகவில்லை. என்றாலும் எனக்கு ஒரு கிலோ காபிக்கொட்டை கொடுத்தனுப்புகிற வழக்கத்தை அந்த வருஷம் நிறுத்திவிட்டார்.

அடுத்தது நேரம். செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம் நாலரைக்கு மேலே நல்ல மழை. ஆறே முக்காலுக்கு நகரத்தில் ஆறு ஏறியது, நானே பாலத்தில் நின்று பார்த்தேன். திரையில் பார்த்தால் மதியம் ஒன்றேகாலுக்கே ஆறு ஏறிவிட்டது, மழை அதற்கு மூன்றேகால் மணி நேரம் கழித்துப் பெய்கிறது. ஆட்டையாம்பட்டிக்காரர் கேட்டார், “ஆறு ஜோசியம் பாக்குதுங்களா?” என் பெட்டி சிம் வழியாக உலக நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. மலைப் பெட்டிக்குத் தம்பி கையால் நம்மூர் நேரம் வைத்திருக்கிறான். நடுவில் ஐந்தரை மணி. இப்போது எல்லாப் பெட்டியும் உலக நேரத்தில்தான் எழுதுகிறது, திரையில் காட்டும்போது மட்டும் நம் நேரமாக மாறுகிறது. ஒரு மணி நேர வேலை.

ஆனால் ரைட்டரின் நோட்டு அப்படிச் சரியாகவில்லை. எஸ்டேட்டில் பல வருஷமாகக் கையால் மழை அளக்கிறார்கள். காலை எட்டரைக்குப் பார்ப்பது, வானிலைத் துறை முறைப்படி. அப்படியானால் நோட்டில் 14ஆம் தேதி என்று எழுதிய மழையில் முக்கால்வாசி 13ஆம் தேதி பெய்தது. பெட்டியோ நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எண்ணுகிறது. இரண்டையும் ஒரே படத்தில் போட்டு, “ரைட்டர் நோட்டு தப்பு” என்று தலைமையாசிரியர் ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். நோட்டு தப்பில்லை சார், தேதிக்கு அர்த்தம் வேறு. மேட்டூர்ச் செய்தியில் ‘காலை 8 மணி நிலவரப்படி’ என்று ஒரு சொல் வருகிறதே, அதைச் செய்தியாளர் அழகுக்காகப் போடவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற எண் வெறும் வதந்தி. இதைத் தம்பிகளிடம் சொன்னபோது தலையாட்டினார்கள். புரியவில்லை என்பது சனிக்கிழமைகளில் தெரிந்தது.

அது இப்படி. நகரத்துக்குள் ஆற்றில் உணரியை இறக்கினால் நாலே நாளில் அதன் மேல் வழவழவென்று பாசியும் சளியும் மூடிவிடும். அந்தச் சளியே ஆக்சிஜனைத் தின்னும். அதனால் அளவு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். வாரம் ஒரு தரம் நான் பழைய டூத் பிரஷ் எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்துவிட்டு வருவேன், சனிக்கிழமை காலையில். தேய்த்தவுடன் அளவு ஏறும். ஒரு மாதம் கழித்துத் தலைமையாசிரியர் பரபரப்பாக அழைத்தார். “அம்மா, ஒன்னு கண்டுபிடிச்சிட்டேன். சனிக்கிழமையானா ஆறு திருந்துது! வெள்ளிக்கிழமையோட பட்டறை எல்லாம் நிறுத்துறாங்க போலிருக்கு.” ஆறு திருந்தவில்லை சார், நான் பல் தேய்த்துவிடுகிறேன் என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பாவம், வாரக் கணக்கில் கிராப் போட்டிருக்கிறார்.

சுத்தம் செய்தேன் என்று எழுத இடம் எங்கே என்று தம்பிகளிடம் கேட்டேன். இல்லை என்றார்கள். ஏன் இல்லை?

“மேடம், லோராவுல ஒரு செய்திக்குச் சில பத்து பைட்டுதான் அனுப்ப முடியும். குறிப்பெல்லாம் அதுல ஏறாது.”

“அது மலைப் பெட்டிக்குத்தானே தம்பி? என் பெட்டிக்கு சிம் இருக்குதே?”

“நாலும் ஒரே அமைப்புல இருந்தாத்தான் மேடம் ஒன்னை ஒன்னு படிக்கும்.”

ஒல்லிப் பிள்ளைக்கு அளவெடுத்து எல்லாருக்கும் அதே சட்டையைத் தைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தாலும் இதில் நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குறுகலான பாதையில் நீளக் கதை போகாது. அப்புறம் எங்கள் பழைய லேப் ரெஜிஸ்டர் நினைவுக்கு வந்தது. அதில் குறிப்பு என்று ஒரு பத்தி உண்டு, விரல் அகலம்தான் இருக்கும். அதில் கதை எழுத மாட்டோம், எண் எழுதுவோம். 1 என்றால் பாட்டில் உடைந்தது, 2 என்றால் மாதிரி தாமதமாக வந்தது, 3 என்றால் மழைக்குப் பின் எடுத்தது. உட்கார்ந்து ஒரு தாளில் பதினாலு எண்ணுக்கு அர்த்தம் எழுதிக் கொடுத்தேன். உணரி சுத்தம், உணரி மாற்றம், மின்கலம் குறைவு, மணல் மூடியது, ஆற்றில் தண்ணீரே இல்லை, இப்படி. கணினி பார்க்கிற தம்பி அதைப் பார்த்துவிட்டு, “மேடம், இது ஒரே பைட்டுல அடங்கிரும்!” என்று துள்ளினான். முப்பத்தோரு வருஷத்து ரெஜிஸ்டர் ஒரு பைட்டுக்குள் அடங்கியதில் எனக்குச் சந்தோஷமா துக்கமா தெரியவில்லை. ஆனால் அந்தத் திருத்தம் எல்லாப் பெட்டியிலும் ஏற ஐந்து மாதம் எடுத்தார்கள். அந்த ஐந்து மாதத்துக்குள்தான் சைபர் (0) விவகாரம் நடந்தது.

2025 சித்திரை. ராத்திரி 1:10க்கு என் பெட்டியில் கரைந்த ஆக்சிஜன் 0. 1:20க்கு 0. விடியும்வரை வரிசையாக 0. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குள் குரூப்பில் சிவப்புக் கிராப் வந்து, அங்கிருந்து மூன்று குரூப் தாண்டி, ‘நள்ளிரவில் சாயக்கழிவைத் திறந்துவிட்டார்கள், ஆறு செத்தது’ என்று தலைப்போடு எனக்கே திரும்பி வந்தது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு டைப் ஆகிவிட்டது. கையெழுத்துக்குப் பேர் சேர்க்கிறார்கள், முதல் பேர் என்னுடையது.

ஏற்காட்டு ஓடையில் சைபர் என்று வந்திருந்தால் சின்னப் பிள்ளைகூட நம்பாது, பெட்டி கெட்டுப்போச்சு என்றிருக்கும். நகரத்துத் திருமணிமுத்தாற்றில் அப்படிச் சிரித்துத் தள்ள முடியாது. இந்த ஆற்றில் சைபர் நடக்கக்கூடிய எண். 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளைப் பட்டியல் போட்டபோது, பி.ஓ.டி. (கழிவைத் தின்கிற கிருமிகள் இழுத்துக்கொள்கிற ஆக்சிஜன், லிட்டருக்கு மில்லிகிராமில்) 30ஐத் தாண்டிய முதல் வரிசையில் இது இருந்தது. குளிக்கிற தண்ணீருக்கு அது 3க்கு மேல் போகக்கூடாது. சேலத்துக்கு அந்த வரிசையில் துணைக்கு ஆளும் உண்டு, சரபங்காவும் வசிஷ்ட நதியும். அப்படிப்பட்ட ஆற்றில் ‘ஆக்சிஜன் இல்லை’ என்பதும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதும் ஒரே எழுத்தில் வந்தால் எதை நம்புவது?

அலமாரியில் இன்னும் நாலு பி.ஓ.டி. பாட்டில் வைத்திருக்கிறேன், கூடவே மருந்துகளும். மருமகளுக்கு அந்த அலமாரியைக் கண்டாலே ஆகாது. ஒரு வாளியில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து அணைமேட்டுப் பக்கம் போனேன். பாட்டிலைக் குமிழி வராமல் தண்ணீருக்குள் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட் இரண்டு மில்லி, காரமும் அயோடைடும் கலந்த கரைசல் இரண்டு மில்லி விட்டு மூடிக் குலுக்கினேன். வெள்ளையாகவே படிந்தால் ஆக்சிஜன் இல்லை. பழுப்பு இறங்கினால் உண்டு. சுற்றி ஏழெட்டுப் பேர், பிள்ளை பெறப்போகிற வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். மெல்ல இளம் பழுப்பு இறங்கியது. ஒரு அம்மா, “டீ மாதிரி இருக்குது, நல்லதா கெட்டதா?” என்று கேட்டார். நல்லதுதாங்க என்றேன்.

அமிலம் விட்டு, வீட்டுக்கு வந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கி அளந்தேன். ஸ்டார்ச்சில் வந்த நீலம் 1.6 மில்லியில் மறைந்தது. 200 மில்லி மாதிரிக்கு இறங்குகிற மில்லிதான் லிட்டருக்கு மில்லிகிராம். 1.6 என்பது பெருமைப்படுகிற எண் இல்லை, மீன் பிழைக்காது. ஆனால் சைபர் இல்லை. ராத்திரி புதிதாக யாரும் எதையும் கொன்றுவிடவில்லை.

பெட்டியிலிருந்து தண்ணீருக்குப் போகிற வயரைப் பெருச்சாளி கடித்திருந்தது. வயர் அறுந்தால் உணரி ஒன்றும் சொல்லாது. ஒன்றும் சொல்லாததை 0 என்று எழுதும்படி செய்திருக்கிறார்கள் நம் பிள்ளைகள். இடத்தைக் காலியாக விட்டால் கிராப் உடைந்துபோகுமாம், பார்க்க நன்றாக இருக்காதாம்! மூன்று குரூப்புக்கும் தனித்தனியாக எழுதி, மனுவிலிருந்து என் பேரை எடுக்கச் சொல்லி, நாலு பேரிடம் “நீங்க யாரு பக்கம்” என்று கேள்வி வாங்கி, அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்லை. அஸ்தம்பட்டி மாடி ஏறிப் போய் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. வயர் பார்க்கிற தம்பி கீழே போய்த் தட்டுவடை செட் வாங்கி வந்து முன்னால் வைத்தான். சாப்பிட்டேன், ஆனால் சமாதானமாகவில்லை.

இப்போது காலி காலியாகவே நிற்கிறது. கிராப் உடைந்து தெரிகிறது. உடைந்த இடத்தைத் தொட்டால் குறிப்பு எண்ணும் அதன் அர்த்தமும் வரும். உண்மையான சைபர் வந்தால் அடுத்த மூன்று அளவுகளும் அப்படியே இருந்தால்தான் சிவப்பு. அப்போதும் ‘ஆள் போய்ப் பார்க்கவில்லை’ என்று கூடவே காட்டும். அந்தச் சொல் என்னுடையது. வேறு நல்ல சொல் சொல்கிறேன் என்றவர் இன்னும் சொல்லவில்லை.

திட்டிய வாயால் பாராட்டவும் வேண்டும். ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறி, அடுத்த இரண்டு நாளில் உள்மாவட்டங்களைப் போட்டு வாங்கியது. நம்மைத் தாண்டி ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எஸ்டேட்டில் மின்சாரம் இல்லை, போன் இல்லை. செவ்வாய்ப்பேட்டை மாடியில் கம்பியோடு இருந்த கருவியும் மின்சாரம் போய்ப் படுத்துவிட்டது. மலைப் பெட்டி பேசினாலும் கேட்க ஆளில்லை. 41,000 போச்சு என்றே நினைத்தேன்.

நாலாம் நாள் மாடியில் மின்சாரம் வந்தது. ராத்திரி பத்து மணிக்கு நாத்தனார் வீட்டு அண்ணன் போன் செய்து, “பெட்டி பேசுதும்மா” என்றார். நாலு நாளாகத் தன் கார்டில் எழுதி வைத்ததை ஒவ்வொரு வரியாக அனுப்பிக்கொண்டிருந்தது. வெயில் இல்லாததால் மின்கலம் இறங்க, பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்பதை மணிக்கு ஒன்று என்று தானே குறைத்துக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் உண்டு: அளந்த நேரம் ஒன்று, நம் கைக்கு வந்த நேரம் ஒன்று. அதனால் டிசம்பர் 1ஆம் தேதிச் செய்தி 5ஆம் தேதி வந்தாலும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நடுவில் ஒரே கணினியை நம்பியிருக்கிற ஏற்பாடாக இருந்தால் இந்த நாலு நாள் போனது போனதுதான். அந்த ராத்திரி முழுக்க மலையின் மழை வரி வரியாகத் திரையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் இருக்கிற பிள்ளையிடமிருந்து ரொம்ப நாள் கழித்துக் கடிதம் வந்த மாதிரி இருந்தது.

ஆனால் அதிலும் ஒரு கோணல். பழையதை முதலில் அனுப்பியது. அன்றைக்கு எங்களுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியது இப்போது மேலே தண்ணீர் எவ்வளவு என்பது. அது வரிசையின் கடைசியில் நின்றது, விடிந்த பிறகுதான் வந்தது. இப்போதைய அளவு முதலில், பழைய பாக்கி அப்புறம் என்று மாற்றச் சொன்னோம். இதை மட்டும் மறுவாரமே மாற்றினார்கள். இன்னொன்று, அடைமழையில் குட்டி வாளி கவிழ்ந்து நிமிர்வதற்குள் கொஞ்சம் மழை தவறிப்போகும். ரைட்டரின் கைமானி அந்த நாட்களில் பெட்டியைவிடக் கூடுதலாகவே காட்டியது. இரண்டையும் வைத்திருக்கிறோம், ஒன்றை ஒன்றால் திருத்தவில்லை. ரைட்டருக்கு அதில் பரம திருப்தி. காபிக்கொட்டை மறுபடி வருகிறது.

பகிர்வு என்ற சொல்லைக் கேட்டு எல்லாம் எல்லாருக்கும் திறந்து கிடக்கும் என்று நினைக்காதீர்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர் எதை யாருக்கு எப்போது காட்டுவது என்று தீர்மானிக்கலாம். எஸ்டேட் முதலாளி, மழை உடனே போகட்டும், ஓடைத் தண்ணீர் விவரம் ஒரு நாள் கழித்து எங்கள் நாலு பேருக்குள் மட்டும் என்று சொல்லியிருக்கிறார். மறைக்கலாம், அழிக்க முடியாது. தலைமையாசிரியர் இதைக் கோழைத்தனம் என்கிறார். இந்த வசதி இல்லாவிட்டால் மலையில் பெட்டியே இருந்திருக்காது என்பது என் கணக்கு. கணினித் தம்பி ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றைச் சொன்னான். பல நாடுகள் வழியாக ஓடுகிற ஆறு, ஆளுக்கொரு ஆய்வகம். 1996 முதல் ஒரே முறையில் அளந்து பகிர்கிறார்கள், அடுத்த வருஷமே ஆபத்து எச்சரிக்கை ஏற்பாடும் தொடங்கிவிட்டது. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவில் பாயா மாரே என்ற ஊரில் சுரங்கக் கழிவுத் தேக்கம் உடைந்து சயனைடு திஸா ஆறு வழியாக டான்யூபுக்கு இறங்கியபோது, கீழே இருந்த நாடுகளுக்குச் செய்தி முன்னால் போனது. அத்தனை நாட்டால் முடிந்தது நம் நாலு வீட்டால் முடியாதா என்றான். முடியும் தம்பி, முதலில் பெருச்சாளியைப் பார் என்றேன்.

இந்த ஏற்பாட்டால் நிஜமாகவே காசு மிச்சம் பிடித்தவர் ஆட்டையாம்பட்டிக்காரர்தான். குச்சிக்கிழங்கும் தென்னையும் வைத்திருக்கிறார். கிணறு வற்றினால் ஆற்றுத் தண்ணீர்தான். பாசனத்துக்கு மின்கடத்துத் திறன் 2,250க்கு மேல் ஆகாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் இருக்கிறது. தன் பெட்டியில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். அவருக்கு உத்தமசோழபுரத்து எண்தான் முக்கியம். அங்கே ஏறினால் சில மணி நேரத்தில் தனக்கு வரும் என்று தெரிந்து மோட்டாரைப் போடாமல் இருப்பார். அதிலும் ஆரம்பத்தில் ஒரு பெட்டி 25 டிகிரிக்குத் திருத்தியும் இன்னொன்று திருத்தாமலும் எழுதியது. டிகிரிக்கு இரண்டு சதவீதம் வித்தியாசம் என்றால் சித்திரை வெயிலில் எவ்வளவு ஆகும், பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் கண்டுபிடித்துச் சரிசெய்தாயிற்று.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். பி.எச். உணரியைக் காய விடாதீர்கள், காய்ச்சி வடித்த வடிநீரிலும் போட்டு வைக்காதீர்கள், பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். கடையிலேயே வடிநீரில் போட்டு வைத்திருந்தார்கள், அதனால் முதல் உணரி எட்டு மாதத்தில் செத்தது. பாதி விலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், முழுசாகக் கொடுத்திருக்க வேண்டும். ஆய்வக அளவுகளையும் ஏற்ற இடம் வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் பி.ஓ.டி. என்று மட்டும் கேட்கிறது. 20 டிகிரியில் ஐந்து நாளா, 27 டிகிரியில் மூன்று நாளா என்று கேட்பதில்லை. இரண்டையும் ஒரே கட்டத்தில் கொட்டினால் சாம்பாரும் ரசமும் கலந்த கதை. இந்தக் கட்டம் ‘அடுத்த மாதம்’ வருகிறது, ஏழு மாதமாக. வெளியே கொடுக்க வேண்டுமானால் வாட்டர் எம்.எல். என்கிற உலகப் பொது அமைப்பில் எடுத்துக் கொடுக்கலாம், ஒரு கல்லூரிக்காரர்கள் அப்படி வாங்கிப் போனார்கள், தகராறு இல்லாமல் திறந்தது. போன் செய்தால் எடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைகூட. “வந்துட்டே இருக்கேன் மேடம்” என்றால் இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம்.

ஐந்துக்கு மூன்றரை. அரையைப் பி.ஓ.டி. கட்டம் வந்ததும் தருகிறேன் என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

சரபங்காவுக்கு ஓமலூர்ப் பக்கம் இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஐந்தாவது பெட்டிக்கு முன்பணம் 10,000 கட்டியாயிற்று. வயருக்கு இரும்புக் குழாய் போடும் செலவை மட்டும் கடைக்காரர்கள் ஏற்க மாட்டோம் என்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கிறேன்.